நகர வேண்டியது கீபோர்ட், வயலின் அல்ல

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: “மகள் ஏழு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் பயில்கிறாள், ஐந்து கட்டைச் சுருதி. பாடசாலை விழாவில் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தின் வயலின் இசையை வாசிக்க ஆசைப்படுகிறாள். உடன் வாசிக்க ஒரு கீபோர்ட், இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல் உண்டு. கையிலுள்ள மேலைத்தேயக் குறிப்பு, டியை அடிச்சுரமாகக் கொண்ட டி மைனரில் இருக்கிறது. வயலினின் சுருதியை அந்த முறைக்கு மாற்ற வேண்டுமா?”

வேண்டாம். தந்திகளைத் தொடாதீர்கள்.

மேலைத்தேய வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ஐந்து கட்டையில் உங்கள் மகளுடையவை ஜி, டி, ஜி, டி. அதாவது ச, ப, ச, ப. கீழிரண்டும் ஒன்றே. மேலிரண்டும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்திருக்கின்றன. அவற்றை ஏற்றினால் ஏழாண்டுப் பழக்கம் மெட்டு அதிகம் நடமாடும் அந்த இரண்டு தந்திகளில்தான் விரலை ஏமாற்றும். முறுக்கிய தந்தி நிலைகொள்ளவும் நாளெடுக்கும். மாரியில் ஊதி இறுகும் பிரடை (தந்தியை முறுக்கும் குமிழ்) கச்சான் காற்றில் உலர்ந்து வழுக்கும் ஊரில் இந்த வம்பு எதற்கு?

கீபோர்ட்டில் சுருதியை நகர்த்தும் டிரான்ஸ்போஸை ஐந்து அரைச்சுரம் கூட்டுங்கள். டி மைனர் ஜி மைனராக ஒலிக்கும்; ஜி அவளுடைய சட்ஜம். மைனர் நமக்கு நடபைரவி ராகம். காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த நி, வரும் இடத்தில் கீரவாணி ராகம். மெட்டை ஸரிகமவில் எழுதிக்கொள்ளட்டும். உச்சத்தில் கை திணறினால் ஒரு ஸ்தாயி இறக்கலாம். சுருதிப்பெட்டியை விட்டுவிட்டு, கீபோர்ட்டில் ஒலிக்கும் ஜியைக் கேட்டே (இப்போது டி விசையை அழுத்தினால் வருவது) சுருதி சேர்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் இருக்கிறது. கீபோர்ட் ஜி, பி ஃபிளாட், டி மூன்றையும் சேர்த்துப் பிடித்து நிற்கும்போது அவள் காந்தாரத்தை, அதாவது அதே பி ஃபிளாட்டை, அகலமாக அசைத்தால், கீழே அசையாமல் நிற்கும் பி ஃபிளாட்டுடன் அது மோதும். கேட்பவர் அதை அபசுரம் என்றே நினைப்பார். நீண்ட சுரங்களை நேராக நிறுத்தி, மெல்லிய விரலதிர்வு மட்டும் கொடுக்கட்டும். ஜாருவுக்கு இடமுண்டு: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடங்களில் இழைத்துச் செல்லலாம். நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. இந்த மெட்டுக்கும் பொருந்தும். அளவோடு.

ஜான் வில்லியம்ஸ் 1993இல் அமைத்த இந்த இசையில் தனி வயலின் இட்சாக் பெர்ல்மனுடையது. இருவரும் பிட்ஸ்பர்க் சிம்பொனியுடன் 1997இல் வெளியிட்ட திரையிசைத் தொகுப்பையும் கேளுங்கள். வயலின் பேசும்போது பின்னணி எவ்வளவு ஒதுங்கிப் போகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நம் விழாக்களில் நடப்பது நேரெதிர்: துணை வயலின்கள் அதே மெட்டை அதே ஸ்தாயியில் வாசித்துத் தனி வயலினை மூழ்கடித்துவிடும். அந்த இருவரையும் கீழிரண்டு தந்திகளில் நீண்ட சுரம் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது விரலால் மீட்டச் சொல்லுங்கள். புல்லாங்குழல் அவள் மூச்சு விடும் இடைவெளிகளில் மட்டும் பதில் சொல்லட்டும். தபேலா சேர்க்கலாமே என்று யாராவது கிளம்புவார்கள், இதற்கு வேண்டாம்.

கீபோர்ட்டின் தானியங்கித் தாளத்தையும் அணைத்துவிடுங்கள். இந்த மெட்டு நின்று நின்று போகும். கீபோர்ட் வாசிப்பவர் அவளுடைய வில்லைப் பார்த்து, அது திரும்பும் கணத்தில் விரலை வைக்க வேண்டும். அதனால் மேடையில் அவள் வழக்கம்போல் தரையில் அமர்ந்தால், அவருக்கும் கீபோர்ட்டைத் தாழ்த்திப் பக்கத்திலேயே இடம் கொடுங்கள்.