கேள்வி பதில்: வாசலுக்கு வெளியே சோகாமேளர்

கேள்வி: பண்டரிபுரத்தில் விட்டலன் கோயில் வாசலுக்கு எதிரே சோகாமேளர் சமாதியைப் பார்த்தோம். இவ்வளவு பெரிய பக்தரை ஏன் வெளியே வைத்தார்கள்? – கும்பகோணம் வாசகி

பதில்: உயிரோடு இருந்தபோதும் அவரை அங்கேதான் நிறுத்தினார்கள், அம்மா. மராட்டியத்தில் தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட மகார் சாதியில் பிறந்தவர். செத்த மாட்டை இழுத்துப் போடுவதும் ஊருக்குக் கூலியில்லாமல் உழைப்பதும் அந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலைகள். கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. மராட்டிய பக்திக் கவி நாமதேவரைக் குருவாகக் கொண்டு, வெளியே நின்றே அபங்கங்கள் என்னும் மராட்டிய பக்திப் பாடல்களைப் பாடினார். கரும்பு கோணல், அதன் சாறு கோணலா? ஆறு வளைந்து ஓடுகிறது, தண்ணீர் வளைந்தா இருக்கிறது? சோகா கோணலானவன், அவன் பக்தி கோணலில்லை என்று ஒரு பாட்டு. மராட்டியர் பலருக்கு அது மனப்பாடம்.

1338இல் மங்கள்வேடே ஊரில் மதில் வேலை நடந்தபோது சுவர் இடிந்து அதனடியில் இறந்தார் என்பது பண்டரிபுரத்துக்கு நடந்தே யாத்திரை போகும் விட்டல பக்தர்களான வார்கரிகள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இடிபாட்டில் கிடந்த எலும்புகளில் எதிலிருந்து விட்டல நாமம் கேட்டதோ, அவற்றை நாமதேவர் எடுத்து வந்து வாசலில் அடக்கம் செய்தாராம்.

எனக்கு அவரைவிட அவர் வீட்டார் பாடியவைதான் நெஞ்சில் தைக்கின்றன. மனைவி சோயராபாய், ‘உடம்பு தீட்டு என்கிறீர்களே, தீட்டில்லாமல் பிறந்த உடம்பு எது?’ என்று கேட்கிறார். மகன் கர்மமேளா இன்னும் ஒரு படி மேலே போய் விட்டலனையே பிடித்துக்கொள்கிறார்: எங்களை இழிசாதியாக்கியது நீ, எச்சில் சோறு தின்றே எங்கள் காலம் போயிற்று, உனக்கு வெட்கமாக இல்லையா? இவர்களை வெறும் பணிவின் அடையாளமாகக் காட்டும் உபன்யாசங்களில் இந்தப் பாட்டுகள் விட்டுப்போவது எனக்குப் பெரிய வருத்தம். பக்தியும் கோபமும் ஒரே வீட்டில், ஒரே சாமியிடம்தான் இருந்தன.

அந்தக் கதவு திறக்க 1947 ஆகிவிட்டது. அந்த மே மாதம் மராட்டிய எழுத்தாளரும் விடுதலைப் போராட்ட வீரருமான சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் தலித்துகளுக்குக் கோயிலில் அனுமதி கிடைத்தது.

கேள்வி: நம் நந்தனாரோடு இவரை ஒப்பிடலாமா? – சீர்காழி வாசகர்

பதில்: தாராளமாக. காலத்தால் நந்தனார் பல நூற்றாண்டு மூத்தவர். திருப்புன்கூரில் அவரும் வெளியே நின்றுதான் சிவனைப் பார்த்தார். நந்தி விலகியது, வாசல் விலகவில்லை. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதோர் யார் என்று ஆராயும் நூலை நந்தனார், வட இந்திய பக்திக் கவி ரவிதாசர், சோகாமேளர் மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.