பொடி விற்கிறது, கையில் காசு நிற்கவில்லையே!

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். இரண்டு வருடமாக வீட்டிலேயே சாம்பார் பொடி தயாரித்து விற்கிறேன். கிலோவுக்குச் சாமான் 240 ரூபாய், மில் கூலி 30 ரூபாய் ஆகிறது. கால் கிலோ பாக்கெட் 90 ரூபாய். மாதம் 60 கிலோ போகிறது. பாதி வாட்ஸ்அப்பில், பாதி கடைகளில். கடைக்கு 20 சதவீதம் கழிவு. ஆனாலும் மாதக் கடைசியில் சாமான் வாங்கப் பணம் இருப்பதில்லை. கடைக்காரர்கள் இரண்டு மாதம் இழுக்கிறார்கள். சொந்தமாக அரவை மிஷின் வாங்க 2 லட்சம் கடன் கேட்டால், வங்கியில் கணவர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடனுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் விலையைப் பார்ப்போம்.

270 ரூபாய் அடக்கம், 360 ரூபாய் விற்பனை, கிலோவுக்கு 90 ரூபாய் லாபம் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கிலோ சாமான் போட்டால் ஒரு கிலோ பொடி வராது. வத்தல் காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து, வறுத்து, மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போக 940 கிராம்தான் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள், இன்னும் குறையலாம்.) அப்படியானால் ஒரு கிலோ பொடிக்கு 270 இல்லை, 287 ரூபாய். கவர், ஸ்டிக்கர் 20, கேஸ் 10 சேர்த்தால் 317. 20 சதவீதக் கழிவு போகக் கடைக்காரர் உங்களுக்குத் தருவது 288. அதாவது கடைக்குப் போகும் ஒவ்வொரு கிலோவிலும் 29 ரூபாய் கைநஷ்டம்.

வாட்ஸ்அப்பில் விற்பதில் 43 ரூபாய் மிஞ்சுகிறது. அது லாபமா? 10 கிலோ தயாரிக்க உங்களுக்கு ஒரு முழு நாள் ஆகிறது என்றே கொள்வோம். அந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் 500 ரூபாய் கொடுக்க மாட்டீர்களா? கிலோவுக்கு 50 ரூபாய் ஆயிற்று. உங்கள் கூலியைக்கூட அந்த 43 ரூபாய் கட்டவில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் அனுப்பும் கணக்குகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த விடுபடலைத்தான். வீட்டு வேலைக்குச் சம்பளம் கிடையாது என்ற பழக்கம் அப்படியே தொழிலுக்கும் வந்துவிடுகிறது. உறவுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது ஓசியில் எடுத்துப்போகும் பாக்கெட்டுகளையும் எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கணிசமாக இருக்கும்.

என் கணக்கில் கால் கிலோ 125 ரூபாயாக இருக்கவேண்டும். கழிவு போகக் கடையிலிருந்து கிலோவுக்கு 400 வரும். 317-ம் கூலி 50-ம் போக 33 ரூபாய் நிற்கும். வண்டு விழுந்து, தேதி முடிந்து திரும்பி வரும் பாக்கெட்டுகளை அதில்தான் ஈடுகட்டவேண்டும். ஒரேயடியாக ஏற்றப் பயமாக இருந்தால் முதலில் 100 கிராம் பாக்கெட்டை மட்டும் இந்தப் புது விலைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். சிலர் விலகுவார்கள். விலகட்டும்.

சாமான் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. மல்லிக்கும் வத்தலுக்கும் பெயர்போன விருதுநகர் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. மளிகைக்கடையில் சில்லறையாக வாங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து, புதுச் சரக்கு வரும் மாசி, பங்குனியில் மூட்டையாக எடுங்கள்.

அப்புறம் கடை பாக்கி. மாதம் 30 கிலோ, இரண்டு மாதம் என்றால் 17,000 ரூபாய்க்கு மேல் எப்போதும் கடைக்காரர்களிடம் நிற்கிறது. தேய்மானத்தையும் சேர்த்து, நீங்கள் ஒரு மாதம் சாமான் வாங்கும் பணம் சுமார் 15,300. மாதக் கடைசியில் பணம் எங்கே என்று கேட்டீர்களே, அங்கேதான். “முதலாளி இல்லை, நாளைக்கு வாங்கம்மா” என்ற பதிலை ஓர் ஆண் லைன் சேல்ஸ்மேனிடம் இத்தனை தடவை சொல்ல மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால் பழகிய முகம் என்று பார்க்காமல் ‘பில் டூ பில்’ வையுங்கள். பழைய பில் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு. ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடலாம், இன்றைய விலையில் அந்தக் கடையால் நஷ்டம்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான (எம்எஸ்எம்இ) சட்டம். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. மூலைக்கடைக்காரர்மேல் இதைப் பாய்ச்சச் சொல்லவில்லை. நாளைக்குப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போடும்போது தேவைப்படும். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம். பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் போகாதீர்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லையென்றால் உடனே எடுத்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போடுங்கள். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம்.

சரி, மிஷின். மாதம் 60 கிலோ பொடிக்கு நீங்கள் கொடுக்கும் மில் கூலி சுமார் 1,900 ரூபாய். 2 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 4,350. கரண்ட் பில் தனி. அதற்கு வீட்டு இணைப்பு உதவாது, தொழிலுக்கென்று தனி இணைப்பு வாங்கவேண்டும். மில்லில் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்தான். ஆனாலும் மாதம் 200 கிலோ தாண்டும்வரை மிஷின் வேண்டாம் என்பதே என் யோசனை.

தாண்டிய பிறகு வங்கிக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். திருமணமான பெண் தன் பெயரில் கடன் வாங்கக் கணவர் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. குறுந்தொழில்களுக்கு நீங்கள் கேட்பது போன்ற சிறு கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மகளிருக்கான தமிழக அரசின் ‘ட்வீஸ்’ திட்டத்தில் 10 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 2 லட்சம் மானியமும் அறிவித்திருக்கிறார்கள்.

அதற்குமுன் தொழிலுக்கென்று உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்குங்கள். வாட்ஸ்அப் விற்பனையின் ஜிபே பணமும் அதில்தான் விழவேண்டும். வங்கி மேலாளர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். மாதா மாதம் உங்கள் கூலி 3,000 ரூபாயை அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். பள்ளிக் கட்டணம், மொய், மருந்துச் செலவு எல்லாம் அந்த 3,000-லிருந்து போகட்டும், சாமான் பணத்தில் கைவைக்க வேண்டாம்.