கீபோர்டை விற்றுவிட்டு அங்கி போடப் போகிறாராம்!

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. பி.காம். படித்தவர். இருபது வருடமாக ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறார். கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் போவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சி.எஸ்.ஐ. சபையிலும் வாசிப்பார். இப்போது திடீரென்று, இறையியல் படித்து ஆயராகப் போகிறேன் என்கிறார். கீபோர்டை விலை பேச ஆள்கூட வந்துவிட்டது. சபையில் சிலர் சிரிக்கிறார்கள். மகள் பிளஸ் ஒன். நான் தனியார் பள்ளியில் டீச்சர். தடுத்தால் பாவமோ என்று பயமாக இருக்கிறது.
– பாலக்கோடு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

பாவத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். குடும்பத் தலைவர் சம்பாத்தியத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்றால், அரிசிக்கு என்ன வழி என்று கேட்பது கடவுளை எதிர்ப்பது ஆகாது.

சிரிப்பவர்களை விடுங்கள். 1986-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு ஒன்று, கம்யூனார்ட்ஸ் என்ற பாப் குழுவினுடையது. அதில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் கோல்ஸ் பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜில் இறையியல் படித்து, 2005-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், இங்கிலாந்து திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். அமெரிக்கப் பாடகர் அல் கிரீன் புகழோடு இருந்தபோதே, 1976-ல், மெம்பிஸ் நகரில் ஒரு சபைக்குப் போதகர் ஆனார். ஆர்கெஸ்ட்ராக்காரர் என்பது ஒரு குறையே இல்லை.

இன்னும் சொல்லப்போனால் அது தகுதி. தருமபுரியில் ஒரு ரிசப்ஷனில் பார்த்தேன். பெண்ணின் சித்தப்பா மேடையேறி மைக்கைப் பிடித்தார். பல்லவி ஒரு சுருதியில், சரணம் வேறொரு சுருதியில். கீபோர்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பட்டனைத் தட்டி, சித்தப்பா போன இடத்துக்கே தானும் போய்விட்டார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, சித்தப்பாவுக்கு ஏகப்பட்ட கைதட்டல். சுருதி தப்பிய மனிதரோடு அவமானப்படுத்தாமல் கூடவே போகத் தெரிந்தவர்தான் நல்ல ஆயர்.

ஆனால் மேடைக்கு இன்னொரு முகமும் உண்டே. வெளிச்சம், மைக், கைதட்டல். உங்கள் வீட்டுக்காரரை இழுப்பது ஆயர் வேலையா, பிரசங்க மேடையா? அதைத்தான் பார்க்க வேண்டும். பிரசங்கம் வாரத்தில் அரை மணி நேரம். மிச்சமெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில், நடுராத்திரி சாவு வீடு, கமிட்டிச் சண்டை, சந்தாக் கணக்கு. அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள்.

அதனால் ஒரு வருடம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு கீபோர்டை யாராவது பையனுக்குக் கற்றுக்கொடுத்து விட்டுவிட்டு, இவர் கீழே பெஞ்சில் உட்காரட்டும். ஆயர் வீடு சந்திக்கப் போகும்போது வெறுங்கையோடு கூடப் போகட்டும். திரும்பி வந்ததும் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். தான் எப்படி ஜெபித்தேன் என்கிறாரா, அல்லது அந்தப் பாட்டி சொன்ன கதையைச் சொல்கிறாரா? இரண்டாவது என்றால் நீங்களும் கொஞ்சம் இறங்கி வரலாம்.

படிப்பு விஷயம். முதலில் திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள சபைகளின்) அலுவலகத்தில் வயது வரம்பைக் கேளுங்கள். ஆசையை வளர்த்துக்கொண்டு பிறகு கேட்டால் வலிக்கும். உங்கள் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் குழுவான சேகரக் கமிட்டியின் சிபாரிசு, நேர்காணல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் 1910-ல் தொடங்கிய யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ், உங்களுக்கு மதுரையைவிடப் பக்கம். பட்டதாரிகளுக்கு இறையியல் பட்டமான பி.டி. நான்கு வருடம். மகள் பிளஸ் டூ முடிக்கும்வரை அவர் ஊரைவிட்டுப் போக வேண்டாம். அதுவரை, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் அஞ்சல்வழிப் படிப்பில் சேரட்டும். முகூர்த்த மாதங்களில் கச்சேரி, ராத்திரியில் புத்தகம். சிலர் ஆறு மாதச் சான்றிதழை வாங்கி, வாடகைக் கடையில் போர்டு மாட்டி ‘பாஸ்டர்’ ஆகிவிடுகிறார்கள். அந்தக் குறுக்குவழிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

வயது வரம்பு தடுத்தால்? ஆயருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியாராக, பாடகர் குழுவை நடத்துபவராகச் செய்ய எத்தனையோ இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே ஆயரைப் பாருங்கள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஆயரம்மாவோடு தனியாகப் பத்து நிமிஷம் உட்காருங்கள். இதுவரை எத்தனை ஊர் மாறினார்கள், பிள்ளைகள் எத்தனை பள்ளிக்கூடம் மாறினார்கள், மாதக் கடைசியில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேளுங்கள். கூச்சப்படாமல் சொல்வார்.

கீபோர்டை விலை பேச வந்தவரை இப்போதைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.