கை மரக்கும் ஊசியும் ரத்த ஓட்டமும்: கேட்டவர்களுக்குப் பதில்

கிருஷ்ணகிரியில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். உடம்பு முழுக்க மயக்கம் கொடுக்காமல் கழுத்தோரமோ, காறை எலும்புக்கு மேலேயோ, அக்குளிலோ ஊசி போட்டு, கைக்குப் போகும் நரம்புக் கற்றையை மட்டும் மரக்க வைப்பதைத்தான் பிளாக் என்கிறோம். இதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், வந்ததில் பாதிக்கு மேல் ரத்த ஓட்டத்தைப் பற்றிய கேள்விகள்தான்.

காவேரிப்பட்டணம்: மாமரத்தில் இருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சூடாகி, புறங்கையில் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. அலர்ஜியா டாக்டரம்மா?

இல்லை அண்ணா, ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வலியைச் சொல்லும் நரம்பு, கையை அசைக்கும் நரம்பு இரண்டோடும் சேர்ந்து இன்னொரு மெல்லிய நரம்பு இழையும் ஓடுகிறது. சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை எந்நேரமும் லேசாக இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை, ஏரி மதகைப் பாதி இறக்கி வைத்த மாதிரி. மருந்து பட்டதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது, குழாய் விரிகிறது, ரத்தம் தாராளமாகப் பாய்கிறது. பச்சையாகப் புடைத்து நீங்கள் பார்த்தது நரம்பு அல்ல, சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், அதுவும் விரிந்ததால் தெரிகிறது. வியர்வையும் அந்த இழையின் பொறுப்புதான் என்பதால் உள்ளங்கை உலர்ந்தும் போகும். நான் ஊசி போட்டதும் என் புறங்கையை நோயாளியின் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். ஈரமாகச் சில்லென்று இருந்த கை சில நிமிடத்தில் உலர்ந்து வெதுவெதுப்பாகிவிட்டால், அவர் இன்னும் "குத்தினா தெரியுதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் எனக்கு நிம்மதி வந்துவிடும்.

ஓசூர்: முதுகில் ஊசி போட்டால் பிரஷர் இறங்குமே, இதிலும் இறங்குமா?

பெரும்பாலும் அப்படி இறங்காது. முதுகு ஊசியில் உடம்பின் கீழ்ப்பாதி முழுக்கக் குழாய்கள் விரிகின்றன, இங்கே ஒரு கை மட்டும்தான். அதனால்தான் இதயம் பலவீனமானவர்களுக்கும் இதை யோசிக்கிறோம்.

போச்சம்பள்ளி: அவ்வளவு ரத்தம் பாய்ந்தால் ஆபரேஷனில் கொட்டாதா?

எலும்பு ஆபரேஷனில் மேற்கையில் காற்றுப் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தி வைத்துத்தான் பெரும்பாலும் செய்வார்கள். அதற்கும் நேரக் கணக்கு உண்டு, பொதுவாக 2 மணி நேரத்தைத் தாண்ட விடமாட்டோம்.

அரூர்: அப்பாவுக்கு டயாலிசிஸ். கையில் ஃபிஸ்டுலா போட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் மரக்கும் ஊசி போதுமா, பிளாக் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள் தம்பி. ஃபிஸ்டுலா என்பது, டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்கத் தோதாக, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது. பென்சில் முனை அளவுக் குழாயில் அந்தத் தையல் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் ரத்தம் வேகமாக ஓட வேண்டும். சாதாரணமாக ஓய்ந்திருக்கும் கையின் தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் முன்னே போய், கொஞ்சம் பின்னே தள்ளப்பட்டுத்தான் திரும்ப முன்னே போகும். பிளாக் பிடித்ததும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் அந்தப் பின்னோட்டம் மறைந்து, துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் முன்னோக்கியே ஓடுவது தெரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 126 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: 3 மாதம் கழித்துப் பார்த்தபோது பிளாக் போட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கும், அந்த இடத்தில் மட்டும் ஊசி போட்டவர்களில் 62 சதவீதம் பேருக்கும் ஃபிஸ்டுலா அடைக்காமல் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் விடிகாலையில் பஸ் ஏறி டயாலிசிஸுக்கு வருகிறவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது! ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பென்னாகரம்: மறுநாள் காலை வரை அம்மாவின் கை மரத்தே இருந்தது. ரத்தம் போகவில்லையோ என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா! நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு பாட்டிக்கு வீட்டார் பாசத்தோடு கொடுத்த ஒத்தடத்தில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிட்டது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து என்றால் 12 மணி நேரத்துக்கு மேலும் மரத்திருக்கலாம். அதற்காக ரத்தம் நின்றுவிட்டது என்று ஆகாது, அந்த நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே ஓடும். நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்தது உடனே சிவந்தால் சரி. ஆனால் மரத்த கை சூடாக இருக்க வேண்டிய நேரத்தில் விரல் சில்லென்று வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், மாவுக்கட்டுக்குள் வீங்கி இறுகினால், மரப்பு தெளியும்போது மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தால், ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை மரத்திருக்கும்வரை வலி வந்து நம்மை எச்சரிக்காது, கண்ணால்தான் கவனிக்க வேண்டும்.

ஊத்தங்கரை: கிரானைட் குவாரியில் என் வீட்டுக்காரருக்கு விரல் துண்டாகி ஒட்டவைத்திருக்கிறார்கள். கழுத்தோரம் குழாய் வைத்து மருந்து ஏற்றுகிறார்கள், கை சூடாக இருக்கிறது. குழாயை எடுத்தால் குளிர்ந்துவிடுமா?

வலியைக் குறைப்பதோடு, ஒட்டிய விரலுக்கு ரத்தக் குழாய் சுருங்காமல் இருக்கட்டும் என்றும்தான் அந்தக் குழாயை வைத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு மதகு பழையபடி பாதி இறங்கும், மற்ற விரல்களின் சூடும் கொஞ்சம் குறையும், அது இயல்பு. ஒட்டிய விரல் மட்டும் குளிர்ந்து நிறம் மாறினால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள், டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையைப் போர்த்தி வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் யாரும் அவருக்கு ஒரு பீடிகூடக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்மா, பீடியில் இருக்கும் நிகோட்டின் விரலின் ரத்தக் குழாயைத்தான் முதலில் சுருக்கும்.