ஓடுகிற பில்லிங் சாப்ட்வேரை எதற்கு மாற்ற வேண்டும்?

கேள்வி: ஈரோட்டில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம், பார்ட்னர்ஷிப். ஆண்டு விற்பனை 6 கோடி. தெரிந்த தம்பி ஒருவர் 2006-ல் விஷுவல் பாக்ஸ்புரோவில் (மைக்ரோசாப்டின் பழைய புரோகிராம் மொழி) எழுதிக்கொடுத்த பில்லிங் சாப்ட்வேர், விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் குறையில்லாமல் ஓடுகிறது. மாற்றியே தீரவேண்டும் என்கிறான் மகன். ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: சாப்ட்வேர் தேய்கிற பொருள் இல்லை. 2006-ல் வந்த கூட்டல் இன்றும் சரியாகத்தான் வரும். சுற்றியிருப்பவைதான் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. பாக்ஸ்புரோவுக்கு அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு சரி. அதன்பின் தெரியவந்த ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் நெட் இணைப்பு இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

உங்களுக்குப் பெரிய நஷ்டம் இ-இன்வாய்ஸில்தான், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வதில். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். பழைய சாப்ட்வேருக்கு ஐஆர்என் (அப்படிப் பதிவான பில்லுக்குக் கிடைக்கும் எண்) என்றால் என்னவென்றே தெரியாது. ஆக, ஒரு பில்லை இங்கே அடித்து, அதையே இன்னொரு கம்ப்யூட்டரில் மறுபடி அடித்து, க்யூஆர் கோடு வாங்கி, இரண்டு தாளையும் சேர்த்துப் பின் அடித்து லாரியில் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். இங்கே ஆணி 48 கிலோ, அங்கே 84 கிலோ என்று விழுந்துவிட்டால்? இ-இன்வாய்ஸை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். தாண்டினால், தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்தான் போட வேண்டும். அதையும் இரண்டு இடத்தில் அடிக்க வேண்டும்!

அப்புறம், அந்தத் தம்பி இப்போது எங்கே? சோர்ஸ் கோடு (அவர் எழுதிய மூல புரோகிராம்) உங்கள் கையில் இருக்கிறதா? 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியதே, அதை உங்கள் சாப்ட்வேரில் மாற்றியது யார்? அவரைத் தேடிப் பிடித்துத்தான் மாற்றினீர்கள் என்றால், மகன் சொல்வது சரி.

மாற்றும்போது புதிதாக எழுதச் சொல்லாதீர்கள். இன்னொரு தம்பியை நம்பி இருபது வருடம் ஓட்ட வேண்டிவரும். டேலி கணக்கு சாப்ட்வேர் மாதிரி ரெடிமேடாக, இ-இன்வாய்ஸை நேரடியாகப் போடுகிற ஒன்றை வாங்குங்கள். ஆனால் ஒரே ராத்திரியில் மாறாதீர்கள். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் எல்லாக் கணக்கையும் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. வாடிக்கையாளர்களால் கணக்கைத் திறக்கவே முடியவில்லை. கடைசியில் 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம்.

முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். பாக்ஸ்புரோ டேட்டாவைச் சேமிக்கும் டிபிஎஃப் பைல்களை, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிசிலேயே திறந்து பார்க்கலாம். பார்ட்டி பெயர்களைத் தமிழில் அடித்திருந்தால் கவனம். பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால், புதிய இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஏற்றச் சொல்லுங்கள்.

அதைவிடக் கஷ்டமானது, பழைய புரோகிராமுக்குள் புதைந்திருக்கும் உங்கள் கடைப் பழக்கங்கள். பழைய பார்ட்டிக்குக் கூடுதல் தள்ளுபடி, கட்டுக்கம்பி எடையில், ஸ்க்ரூ பெட்டிக் கணக்கில், பைசாவை ரவுண்டு செய்கிற விதம். இவை எங்கும் எழுதியிருக்காது. பில் போடுகிறவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பாதி விஷயம் உங்களுக்கே புதிதாக இருக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் தினமும் பத்து பில்லைப் புதியதிலும் சோதனையாக அடித்து, தொகையும் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 1-ல் முழுக்க மாறலாம். பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். பழைய லெட்ஜர்களையும் பில்களையும் பிடிஎஃப் ஆக எடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வீட்டில் வைத்துவிடுங்கள்.