அப்ரண்டிஸ் எடுத்தால் அரசு பாதிச் சம்பளம் தருமா?

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 20 பேர். ஐ.டி.ஐ. டர்னர் முடித்த இரண்டு பையன்களை அப்ரண்டிஸாக எடுக்க நினைக்கிறேன். ஒருவன் இரண்டு மாதமாக இங்கேதான் வேலை பார்க்கிறான், பி.எஃப்.பும் பிடிக்கிறோம். அரசு பாதிச் சம்பளம் தரும் என்கிறார்களே, எப்படி வாங்குவது?

பதில்: பாதி என்பது டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கான நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசுத் திட்டத்தில். ஐ.டி.ஐ. பையன்களுக்கு நாப்ஸ் (NAPS) என்ற இன்னொரு திட்டம், 2016-இல் வந்தது. அதில் அரசின் பங்கு, அப்ரண்டிஸுக்குத் தரும் மாத உதவித்தொகையில் 25 சதவீதம், அதுவும் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. 2019 விதிப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு உதவித்தொகை மாதம் குறைந்தது 7,000 ரூபாய். அதில் கால் பங்கு 1,750 வந்தாலும் 1,500-தான் கிடைக்கும், மீதி 5,500 உங்கள் கையிலிருந்து. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் பரிந்துரை போயிருக்கிறது, அதனால் ஒப்பந்தம் போடும் அன்று அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் என்ன தொகை இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்த 1,500 உங்களுக்கு வராது. 2023 ஆகஸ்டிலிருந்து நேராகப் பையனின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. நீங்கள் உங்கள் பங்கை வங்கி மூலம் கொடுத்து, அந்த விவரத்தைப் போர்ட்டலில் ஏற்றினால்தான் அரசுப் பணம் நகரும். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஐ.டி.ஐ. சான்றிதழில் பின்னால் இருக்கும், ஆதார் இணைத்ததோ எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு கணக்கில் இருக்கும். சேர்க்கும் முன்பே இதையெல்லாம் சரிபார்த்துவிட்டால் பையன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எண்ணிக்கையில் பிரச்சினை இல்லை. மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை எடுக்கலாம், உங்களுக்கு மூன்று பேர். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம்.

ஏற்கெனவே வேலை பார்க்கும் பையனை மட்டும் தயவுசெய்து இதில் கொண்டுவராதீர்கள். பி.எஃப். பிடித்த தொழிலாளியை அப்ரண்டிஸ் என்று காகிதத்தில் மாற்றினால் அவன் உரிமையைப் பறிக்கிறீர்கள், சோதனைக்கு வந்தால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். அவன் தொழிலாளியாகவே இருக்கட்டும். புதிதாக வருகிறவருக்குப் போர்ட்டலில் முதலில் ஒப்பந்தம், அப்புறம்தான் லேத். சந்தேகம் வந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், 1,500-க்காக இதில் இறங்க வேண்டாம், நல்ல டர்னர் ஒருவரை உருவாக்க இறங்குங்கள். 7,000 ரூபாயில் கோவையில் ரூம் வாடகையும் மெஸ் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்? முடிந்தால் கூட்டிக் கொடுங்கள், சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டத் தேவையில்லை, அதில் உங்களுக்கு மிச்சம் உண்டு. ஆனால் லேத்தில் சுழலும் சக்கில் கை மாட்டினால் இழப்பீடு உங்கள் பொறுப்பு, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் கிடையாது. அந்த மிச்சத்தில் முதல் நாளே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.