தெருவிளக்குக்கு வீட்டுக்கு 1,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் 150 வாட் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு நகராட்சி 60 வாட் எல்இடி மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. பதினாலு கம்பத்தில் ஆறு எரியவில்லை. மற்றவற்றிலும் கம்பத்தடியில்தான் வெளிச்சம். நகராட்சியில் கேட்டால் மின்வாரியத்தைக் கை காட்டுகிறார்கள். அங்கே போனால் நகராட்சியை. இதற்கிடையே ஒருவர் வீட்டுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் 100 வாட் விளக்கு மாட்டித் தருவதாகவும், ஆபீஸில் தானே பேசிக்கொள்வதாகவும் சொல்கிறார். சிலர் முன்பணம் கொடுத்தும்விட்டார்கள். என்ன செய்வது? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

பதில்: கொடுக்காதீர்கள். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கும் அதன் பராமரிப்பும் மின்கட்டணமும் நகராட்சியுடையவை. எந்த நகராட்சியும் வீடு வீடாக ஆள் அனுப்பித் தெருவிளக்குக்குப் பணம் வசூலிப்பதில்லை.

அந்த ஆறு விளக்குகளும் ஒரே நாளில் போயினவா, ஒவ்வொன்றாகவா என்று முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எல்இடியில் பெரும்பாலும் கெட்டுப்போவது வெளிச்சம் தரும் சிப் அல்ல, அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ‘டிரைவர்’ என்ற பாகம். லைனில் நியூட்ரல் கம்பியின் இணைப்பு விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை எகிறும். பழைய சோக் கொஞ்சம் தாங்கும், டிரைவர் தாங்காது. மழை இடிக்குப் பிறகு மொத்தமாக அணைந்திருந்தால் கோளாறு லைனில் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தங்கத்தில் விளக்கு செய்து மாட்டினாலும் அடுத்த இடிக்குப் போய்விடும். ஒவ்வொன்றாகப் போயிருந்தால் சரக்கு மட்டம் என்று அர்த்தம். குறைந்த விலைக்கே டெண்டர் என்றால் இப்படித் திடீரென எகிறும் மின்சாரத்தைத் தாங்கும் பாகத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். கீழே நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாதே!

100 வாட் என்ற பேச்சில் மயங்க வேண்டாம். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமன். வாட்டுக்கு 120 லூமன் தரும் 60 வாட் விளக்கும், 70 லூமன் தரும் 100 வாட் விளக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான், கரண்ட் பில் மட்டும் வேறு. கம்பத்தடியில் மட்டும் வெளிச்சம் விழுவதற்குக் காரணம் லென்ஸ் சரியில்லாதது, விளக்கைத் தாங்கும் கைக்குழாயின் சாய்வு, அல்லது மரக்கிளை. வாட்டை ஏற்றினால் கம்பத்தடி இன்னும் பளிச்சென்று ஆகும். நடுவில் இருட்டு அப்படியே இருக்கும்.

இந்த இடைத்தரகர்களின் வேலை எனக்குப் பழக்கம். கழற்றிய பிட்டிங்கில் சிப் நன்றாகவே இருக்கும். உள்ளே மலிவான டிரைவரைப் போட்டு, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த தெருவில் விற்பார்கள். வெளியாள் திறந்ததுமே வாரண்டியும் போச்சு. அதைவிட மோசம், எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்தி மின்வாரியம் தரும் வேலை அனுமதி) வாங்காமல் ஒரு பையனைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். அவனுக்கு ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் கூப்பிடப்போவது பணம் வசூலித்த சங்கத்தின் செயலாளரை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் தெரு மனைப்பிரிவில் உள்ளதா? அப்படியானால் சாலைகளை நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்காத வரை அது தனியார் சாலை, விளக்கு உங்கள் பாடு. மனை விற்றவர் ‘எல்லாம் ஒப்படைத்தாச்சு’ என்று வாயால் சொன்னது செல்லாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சாலை ஒப்படைக்கப்பட்டும் விளக்கு மட்டும் விடுபட்டிருந்தால், பத்திர நகலை இணைத்து நகராட்சி ஆணையருக்கு மனு கொடுங்கள். உங்கள் தெருவில் நகராட்சியே விளக்கு மாட்டியிருப்பதால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இருக்காது. ஆனாலும் பார்த்துவிடுங்கள், பிறகு அவர்களே இதைக் காரணம் காட்டுவார்கள்.

இனி செய்ய வேண்டியது. ‘தெருவிளக்கு எரியவில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஃபைல் மேசை மேசையாகச் சுற்றும். ஆறு கம்ப எண்களையும், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்பதையும் எழுதிக் கொடுத்து, ரசீது எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம். அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்று நகல்கள் கேளுங்கள்: கொள்முதல் ஆணை, வாரண்டி காலம் குறித்த பக்கம், விளக்கின் சோதனை அறிக்கை. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மாற்றித் தர வேண்டியது கான்ட்ராக்டர் செலவில். அதை நகராட்சி ஏன் தானாகக் கேட்பதில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கும் அதே எரிச்சல்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 2016-க்குள் 65,000 எல்இடி விளக்குகள் மாட்டினார்கள். அவற்றில் சுமார் 20,000 மங்கத் தொடங்கியதும், 2019-ல் விளக்கு ஆணையமே தயாரித்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. இங்கே ஒரு நோட்டீஸ் அனுப்பவே ஆளைக் காணோம்.

முன்பணம் கொடுத்தவர்கள், பெயர், மின் ஒப்பந்ததாரர் உரிம எண், நகராட்சியின் அனுமதிக் கடித எண் மூன்றும் உள்ள ரசீது கேளுங்கள். கடைசி எண்ணைக் கேட்டதுமே பணம் திரும்பி வர வாய்ப்பு அதிகம். வராவிட்டால் கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து காவல் நிலையத்தில் ஒரே புகாராகக் கொடுங்கள்.